சிமிழின் அடிப்பக்கம்

பழைய வெள்ளித் தீக்குச்சிச் சிமிழ் கைக்கு வந்தால் சேகரிப்பாளர்கள் முதலில் மூடியைத்தான் பார்ப்பார்கள். செதுக்கிய கொடிவேலை, எனாமல் ஓவியம், ஆந்தையாகவோ பன்றியாகவோ வார்த்த உருவம். விலை ஏறுவது அங்கேதான். நான் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவன். குச்சி உரசுவதற்காக வரிவரியாக வெட்டிய பற்கள் அங்கே இருக்கும். அவை மழுங்கியிருந்தால் அந்தச் சிமிழ் எனக்கு உடனே பிடித்துவிடும்.

இங்கிலாந்தின் ஸ்டாக்டனில் ஜான் வாக்கர் உரசும் தீக்குச்சியை விற்கத் தொடங்கியது 1827இல். பின்னால் வந்த வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சிகள் எதில் உரசினாலும் பற்றிக்கொள்ளும், சட்டைப்பைக்குள்ளேயே கூட. அதனால்தான் உலோகச் சிமிழ் தேவைப்பட்டது. விக்டோரியா காலத்துக் கனவான்கள் அதைக் கடிகாரச் சங்கிலியில் கோத்துக்கொண்டார்கள். குச்சி மருந்து வெள்ளியை அரிக்காமலிருக்க உள்ளே தங்கமுலாம்.

வாங்குகிறவர்கள் முத்திரைகளைப் படிக்கப் பழக வேண்டும். நடக்கும் சிங்கம் 92.5 சதவீத வெள்ளிக்கு, நங்கூரம் பர்மிங்ஹாமுக்கு, சிறுத்தைத் தலை லண்டனுக்கு. கூடவே இருக்கும் ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும். பளபளப்புக்காக அழுத்தித் தேய்க்காதீர்கள். எழுத்து அழிந்தால் ஆண்டும் போயிற்று.

ஆண்டு எனக்கு முக்கியம். 1888 ஜூனில், லண்டனின் போ பகுதியில் இருந்த பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி அன்னி பெசன்ட் எழுதினார். அற்பக் கூலி, பேசினால் அபராதம், காலில் அழுக்கிருந்தாலும் அபராதம். அவர் எழுதியது பொய் என்று கையெழுத்துப் போடச் சொன்னது நிர்வாகம். பெண்கள் மறுத்தார்கள். ஜூலையில் சுமார் 1,400 பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அபராதம் ஒழிந்தது, பாஸ்பரஸ் ஒழியவில்லை. அதன் புகை தாடை எலும்பை அழுக வைத்தது; முகமே உருக்குலைந்தவர்கள் உண்டு. பிரிட்டனில் தடை நடைமுறைக்கு வந்தது 1910இல்தான். அதற்குள் பெசன்ட் நம் அடையாறில் தியசாபிகல் சொசைட்டியின் தலைவராகியிருந்தார்.

ஏலப் பட்டியல்களில் எனாமலைப் பற்றி நீளமான வர்ணனை இருக்கும். சிமிழுக்குள் இருந்த குச்சியைப் பற்றி நான் பார்த்தவரை ஒரு வரிகூட இல்லை. 1880களின், 1890களின் சிமிழ் வைத்திருப்பவர்கள் அந்தக் காலத் தீப்பெட்டி ஒன்றையும் தேடிப் பிடித்துப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். அருங்காட்சியகங்களும் இரண்டையும் ஒரே கண்ணாடிப் பேழையில் வைக்கட்டும்.