பாயிண்ட் கணக்கை வைத்து ஜாதகம் எழுதாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் உறவில் ஒரு பையன் கல்லூரி பாஸ்கெட்பால் அணியில் ஆடுகிறான். போன வாரம் ஒரு மேட்சில் 30 பாயிண்ட் எடுத்தான். உடனே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "படிப்பை விடட்டும், இவன் என்பிஏ வரை போவான்" என்கிறது. இன்னொரு கட்சி, "பந்தைப் பரணில் போடு, பிளேஸ்மென்ட்டுக்குத் தயார் பண்ணு" என்கிறது. நாகேஸ்வர ராவ் பூங்காவில் என்னோடு வாக்கிங் வருபவர்கள்கூட தீர்ப்பு சொல்கிறார்கள். மேட்சை முழுசாகப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

முதல் கட்சிக்கு ஒரு கணக்கு வாத்தியாரின் கேள்வி. அந்த 30 பாயிண்டுக்கு எத்தனை தடவை எறிந்தான்? 30 தடவை எறிந்து 30 எடுப்பவனைவிட, 10 தடவை எறிந்து 16 எடுப்பவனால் அணிக்கு லாபம் அதிகம். கல்லூரியில் எல்லாப் பந்தும் ஸ்டார் கைக்குத்தான் வரும். தொழில்முறை அணியில் எல்லோருமே ஒரு காலத்து ஸ்டார்கள். பந்து மட்டும் ஒன்றுதான்.

அமெரிக்காவிலேயே இந்த ஜோசியம் பலிப்பதில்லை. ஜிம்மர் ஃப்ரெடெட் 2011-ல் கல்லூரி ஆட்டக்காரர்களில் முதல்வர். பாயிண்ட் மழை. என்பிஏவில் நிலைக்க முடியவில்லை. சீனாவுக்குப் போய் ஒரே ஆட்டத்தில் 70-க்கு மேல் எடுத்தார். ஸ்டீபன் கரியை ஒல்லி, குள்ளம் என்று சந்தேகப்பட்டார்கள். 2009 தேர்வில் அவருக்கு முன்னால் ஆறு பேரை எடுத்தார்கள். அவர் நான்கு சாம்பியன் பட்டம் வென்றார். சரி, உயரம்தான் எல்லாமா? நம் பஞ்சாபின் சத்னாம் சிங் 7 அடி 2 அங்குலம். 2015-ல் டல்லாஸ் அணி அவரை 52-வதாகத் தேர்ந்தெடுத்தது. ஒரு என்பிஏ லீக் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பந்து கையில் இல்லாதபோது பையன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். எதிராளியைத் தடுக்க ஓடுகிறானா, இடுப்பில் கை வைத்து நிற்கிறானா? தனக்கு நிகரான ஆள் எதிரே நிற்கும்போது பாஸ் கொடுக்கிறானா? கோச் வெளியே உட்கார வைத்தால் முகம் எப்படி இருக்கிறது? ஸ்கோர்போர்டில் இதெல்லாம் வராது. மேலே போகிறவனைக் காட்டிக்கொடுப்பது இதுதான்.

இப்போது இரண்டாம் கட்சிக்கு. ஒய்எம்சிஏவின் பயிற்சிப் பள்ளியில் 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கண்டுபிடித்த ஆட்டம் இது. அதே ஒய்எம்சிஏவின் உடற்கல்விக் கல்லூரி 1920-லிருந்து நம் ஊரில் இருக்கிறது. தி.நகருக்குப் பக்கத்தில், நந்தனத்தில். ஆட்டம் வந்து இத்தனை காலம் ஆகியும், வருஷம் முழுக்கச் சம்பளம் கொடுக்கிற லீக் இங்கே வேரூன்றவில்லை. 2015-ல் தொடங்கிய யுபிஏ லீகும் நீடிக்கவில்லை. கடையே திறக்காமல், வியாபாரம் ஆகவில்லை என்று சரக்கைக் குறை சொல்வது என்ன நியாயம்?

இங்கே பாஸ்கெட்பாலில் 'புரொஃபஷனல்' என்றால் பெரும்பாலும் ரயில்வே, வங்கி, வருமான வரித்துறை அணிகள். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. அதைக் கேவலமாகப் பேசாதீர்கள். இந்திய மகளிர் அணியின் கேப்டனாக இருந்த நம் சென்னைப் பெண் அனிதா பால்துரை தெற்கு ரயில்வேக்கு ஆடியவர்தான். 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார். எந்த என்பிஏவுக்குப் போனார்?

ஆகவே, பையன் டிகிரியை முடிக்கட்டும். காலைப் பயிற்சியையும் விட வேண்டாம். அந்த வேலைக்கு இரண்டுமே வேண்டும். தீர்ப்பு சொல்ல ஆசைப்படுகிறவர்கள் முதலில் நாலு மேட்சுக்கு நேரில் போய் உட்காருங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். திட்டுவதானாலும் ஒற்றுப்பிழை இல்லாமல் திட்டுங்கள்.