இரண்டாம் வகுப்பு ராமானுஜம்

ராமானுஜன் என்றால் கும்பகோணத்துக்காரரைத் தெரியாதவர் இல்லை. நான் இன்று எழுதுவது 'ம்' போட்டு முடியும் இன்னொருவரைப் பற்றி. சி. பி. ராமானுஜம், சென்னைக்காரர், 1938-இல் பிறந்தவர்.

அவர் நினைவு வந்ததற்குக் காரணம் எதிர் வீட்டுப் பையன். கணக்கென்றால் உயிரை விடுவான். பிளஸ் டூ ரிசல்ட் வந்தது; 600-க்கு 431. வீட்டில் எழவு விழுந்த மாதிரி அழுகை. தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் எங்கள் விருதுநகர். பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையே பிள்ளைகளின் கழுத்தை நெரிக்கிறது என்பது என் கட்சி. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே 20-க்குத்தான் மதிப்பெண். 14 வாங்கினால் வீட்டில் பாயசம்.

லயோலா கல்லூரியில் அந்த நாளில் ரசீன் பாதிரியார் என்றொரு பிரெஞ்சுக்காரர் கணக்குப் பேராசிரியராக இருந்தார். பரீட்சைக்காகப் பாடம் நடத்துபவர் அல்ல. பாரிசில் பிறந்துகொண்டிருந்த புதுக் கணிதத்தை நம் பிள்ளைகளுக்குக் காட்டியவர். அவரிடம் படித்த ராமானுஜம் 1957-இல் ஆனர்ஸில் வாங்கியது இரண்டாம் வகுப்பு. ரசீன் அந்த வகுப்பைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தார். பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினார்.

அங்கே போனவர் என்ன செய்தார்? தோசையை நடுப்புள்ளி வரை சுருக்கிக்கொண்டே போகலாம். மெதுவடையை முடியாது, ஓட்டை தடுக்கும். அப்படியானால், புள்ளியாகச் சுருங்குவதையெல்லாம் 'தளம்' என்று சொல்லிவிடலாமா? சிக்கலெண்களின் உலகில் போதாது என்று 1971-இல் ராமானுஜம் காட்டினார். அவர் உருவாக்கிய பரப்பு நான்கு பரிமாணம் உள்ளது. புள்ளியாகச் சுருங்கும். ஆனால் வெகு தொலைவில் ஒரு கயிற்று வளையத்தைப் போட்டால், அங்கேயே வைத்து அதை இழுத்துச் சுருக்க முடியாது. தளத்தில் முடியும்.

கதை அதோடு முடியவில்லை. அந்தப் பரப்பை அதனோடே பெருக்கினால் வரும் எட்டுப் பரிமாண வெளி, வடிவத்தில் சாதாரண வெளியேதான். ஆனால் கிரகங்களின் ஓட்டத்தைக் கணிக்கும் இயக்கவியலிலிருந்து வந்த 'சிம்ப்ளெக்டிக்' என்ற உள் அளவு ஒன்று உண்டு. சாதாரண வெளியில் எந்த உருவத்தையும் அந்த அளவு கெடாமல் நகர்த்தி, பழைய இடத்தை முழுக்கக் காலி செய்துவிடலாம். ராமானுஜத்தின் பரப்பிலோ டயர் ட்யூப் மாதிரி ஓர் உருவம் இருக்கிறது. எப்படி நகர்த்தினாலும் எங்காவது பழைய இடத்தில் மாட்டிக்கொள்ளும். பால் சைடல், ஐவன் ஸ்மித் என்ற இருவர் 2005-இல் இதை நிறுவினார்கள். பெருக்கி வந்த வெளியும் அதனால் வேறுதான். வடிவம் ஒன்று, உள்ளமைப்பு வேறு.

சிவகாசிப் பக்கத்தவர்களுக்கு இது புரியாததா? ஒரே தாள் சுற்றிய இரண்டு சரம். ஒன்று மழையில் நமத்தது. கையில் வாங்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. திரியைக் கொளுத்தினால்தான் தெரியும்.

மதிப்பெண் என்பது மேல்தாள். பரீட்சையே வேண்டாம் என்று சொல்லவில்லை. குறைந்த மார்க் வாங்கியவரெல்லாம் மேதை என்றும் சொல்லவில்லை. உள்ளே பார்க்க ஒரு ரசீன் வேண்டும் என்கிறேன். பள்ளிக்கு ஒருவர், வாரத்துக்கு ஒரு மணி நேரம், சிலபஸுக்கு வெளியே பிள்ளைகளோடு கணக்குப் பேசட்டும். செலவு ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ராமானுஜம் மனநோயோடு பல ஆண்டு போராடி, 1974-இல் 36 வயதில் போய்விட்டார். இத்தாலியில் ஜெனோவா கணித நிலையத்தில் ஒரு கூடத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் முகம் வாடினால் மார்க் ஷீட்டை மடித்து வைத்துவிட்டு, முதலில் பிள்ளையைக் கவனியுங்கள்.

எதிர் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். "எல்லாம் சரி சார், சீட்டு எவன் குடுப்பான்?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் கல்லூரிக்காரர்கள். பையன் மட்டும் சாயங்காலம் வந்து, "அந்தப் பரப்பை இன்னொரு தடவை சொல்லுங்க தாத்தா" என்றான்.