எந்தக் கோளாறோடு ஓட்டி வரலாம்?

கோளாறு தெரிந்தே பழைய காரை விலை குறைத்து வாங்கியாயிற்று. 'மெதுவாக ஓட்டி வந்துவிடலாம்' என்று கிளம்புகிறீர்களா? ஒரு நிமிடம்!

ஏ.சி. ஓடாவிட்டால் வியர்வையோடு போகும். ஆனால் பிரேக், ஸ்டியரிங் கோளாறு, மொட்டை டயர் என்றால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். ரீகவரி வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

ரேடியேட்டர் ஒழுகினால் அங்கேயே சரிசெய்துவிட்டுக் கிளம்புங்கள். பிறகும் வழியில் டெம்பரேச்சர் முள்ளின் மேல் ஒரு கண் இருக்கட்டும். முள் ஏறினால் ஓரம்கட்டி இன்ஜினை அணையுங்கள். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளையலாம். பேரம் பேசி மிச்சம் பிடித்த பணம் மெக்கானிக்குக்குப் போய்விடும்.

முதல் பயணத்தில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். அவர்கள் பஸ்ஸில் வரட்டும்.