நோவைச் சொல்வது பொறுமையின்மையா?



இம்முறை வந்த கடிதங்களில் ஒன்று பல வீடுகளுக்கும் பொதுவானது. சகோதரியொருவரின் உம்மாவுக்கு நீரிழிவு காரணமாக ஒரு கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டிருக்கிறது. செயற்கைக் கால் பொருத்தி மூன்று மாதம் நடந்தார். இப்போது அந்தக் கால் அலுமாரிக்குப் பின்னால் நிற்கிறது. கிளினிக்கில் கால் செய்தவர் கேட்டால், “நல்லாத்தான் இருக்கு மகன்” என்கிறார். வீட்டுக்கு வந்து அழுகிறார். ஏன் சொல்லவில்லை என்று மகள் கேட்டதற்கு, “அல்லாஹ்ட சோதனை, ஸபூர் செய்யணும். அந்தப் புள்ளையும் பாடுபட்டுத்தானே செஞ்சு தந்தது” என்றாராம். உம்மா செய்வது சரியா? அந்நிய ஆண் காலைத் தொடுவது ஆகுமா? வுழூ எப்படிச் செய்வது? இவையே அவரது கேள்விகள்.

முதற் கேள்விக்கு ஒரு ஹதீஸே விடையாக இருக்கிறது. அர்பஜா இப்னு அஸ்அத் (ரழி) என்ற ஸஹாபி அறியாமைக் காலத்து குலாப் யுத்தத்தில் மூக்கை இழந்தவர். வெள்ளியில் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார். நாளடைவில் அது துர்நாற்றம் வீசியது. அப்போது நபி (ஸல்) அவர்கள் தங்கத்தால் மூக்குச் செய்துகொள்ளுமாறு அவருக்குப் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் இது பதிவாகியுள்ளது.

ஆண்களுக்குத் தங்கம் ஹராம் என்பதை நாம் அறிவோம். அப்படியிருந்தும், பொருந்தாத மூக்கைச் சகித்துக்கொண்டு இரு என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. பொருந்தக்கூடியதற்கு ஷரீஅத்தே வழிவிட்டது.

உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் சரித்திரத்தையும் நினைத்துப் பாருங்கள். அஸ்மா (ரழி) அவர்களின் மகனான இவர், ஒரே பயணத்தில் காலையும் ஒரு மகனையும் இழந்தார் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். எஞ்சியிருந்தவற்றுக்காக அல்லாஹ்வைப் புகழ்ந்தார். அதே உர்வாதான் வைத்தியர்களிடம் தன் காலை ஒப்படைத்தவரும். போனதற்காகப் புலம்பாதிருப்பது ஸப்ர். நிவாரணம் தேடி நோவைச் சொல்வது அதைக் கெடுக்காது.

ஏன் சொல்லியே ஆகவேண்டும் என்பதையும் விளங்கிக்கொள்ளுங்கள். எஞ்சிய காலில் பிளாஸ்டர் சுற்றி அச்செடுத்து, அந்த அளவுக்கே கிண்ணம் போன்ற பகுதியைச் செய்கிறார்கள். பாரம் முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநார் போன்ற தாங்கக்கூடிய இடங்களில் விழ வேண்டும். எலும்பு முனையில் விழக்கூடாது. ஆனால் முதல் மாதங்களில் எஞ்சிய கால் வற்றிச் சிறுக்கும். நேற்றுப் பொருந்திய கிண்ணம் இன்று தளர்ந்து, கால் கீழிறங்கி, எலும்பு இடிபடும். உம்மா மூன்று மாதத்தில் கழற்றி வைத்ததன் காரணம் இதுவாக இருக்கலாம். மேலதிகமாக ஒரு காலுறை போடுவதோடு தீரக்கூடும். கிண்ணத்தை மாற்றவும் வேண்டிவரலாம். கழற்றிய பின் தோலில் தெரியும் சிவப்பு கால் மணித்தியாலத்துக்குள் மறையாவிட்டால் காட்டியே ஆகவேண்டும். நீரிழிவுக்காரருக்குப் புண் வந்தாலும் நோகாதிருக்கும். ஆகவே ஒவ்வோர் இரவும் கண்ணாடி வைத்துப் பாருங்கள், மற்றக் காலையும் சேர்த்து.

இல்லாத பாதத்தில் கடுப்பும் எரிவும் தெரிகிறதென்று சிலர் சொல்வார்கள். அது பைத்தியமுமல்ல, ஜின்னின் வேலையுமல்ல. நரம்பிலும் மூளையிலும் நிகழும் உண்மையான நோவு அது. 1871 இல் வெயர் மிச்செல் என்ற அமெரிக்க வைத்தியர் அதற்குப் பெயரிட்டு எழுதினார். வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நோவை மட்டுமன்றி வாழும் விதத்தையும் சொல்ல வேண்டும். 1968 இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து புதியதொரு பாதத்தை உருவாக்கினார்கள். அதுவரை கிடைத்த மேல்நாட்டுப் பாதம் சப்பாத்துப் போட்டு நடப்பவருக்கானது. நிலத்தில் குந்தவும் வெறுங்காலுடன் வயலில் இறங்கவும் அது உதவவில்லை. அந்த மக்களின் வாழ்க்கையைப் பார்த்துத்தான் ஜெய்ப்பூர் கால் பிறந்தது. யாழ்ப்பாணத்தில் 1987 இல் அமைந்த நிலையத்தின் பெயரிலும் ஜெய்ப்பூர் இருக்கிறது. நம் உம்மாமார் வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடப்பவர்கள். காலின் உயரமும் சரிவும் செருப்பின் குதியைப் பொறுத்தது என்பதால் இதைக் கால் செய்பவர் அறிந்திருக்க வேண்டும். தொழுகை, குந்தும் மலசலகூடம், வாசற்படி எல்லாவற்றையும் சொல்லுங்கள். கூடப்போகும் மகளே, உம்மாவைப் பேசவிடுங்கள். அவருக்காக நீங்களே பேசி முடித்துவிடாதீர்கள்.

கால் செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. “நல்லாயிருக்கா?” என்று கேட்டால் “நல்லாயிருக்கு” என்றே எங்கள் பெண்கள் சொல்வார்கள். எங்கே நோகிறது, நேற்று எத்தனை மணித்தியாலம் போட்டீர்கள் என்று கேளுங்கள். நாடி வந்த பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் விடயத்தில் ஓர் அத்தியாயமே இறங்கியது. குறையுடையவர் சொல்வதைக் கேட்பது உங்கள் கையிலுள்ள அமானத்.

இரண்டாவது கேள்வி. பெண் ஒருவர் இருந்தால் அவரையே கேளுங்கள். 2004 இல் ராகமையில் இத்தொழிலுக்கான கல்லூரி ஆரம்பமான பின் பயிற்சி பெற்றவர்கள் நாட்டில் உருவாகியிருக்கிறார்கள். பெண் கிடைக்காதபோது, சிகிச்சையின் தேவைக்காக ஆண் பார்ப்பதும் தொடுவதும் ஆகும். தேவையான அளவோடு நிற்கட்டும். மற்ற இடங்களை மூடிக்கொள்ளுங்கள். மஹ்ரமோ நம்பிக்கையான பெண்ணோ உடனிருக்கட்டும். இந்த ஏற்பாட்டை முதலிலேயே மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். வெட்கத்தால் புண்ணை மறைத்து மற்றும் ஒரு சத்திரசிகிச்சைக்கு ஆளாவதை மார்க்கம் எவரிடமும் கேட்கவில்லை.

மூன்றாவது கேள்வி. கணுக்கால் வரை கழுவுவதே வுழூவில் கடமை. கணுக்காலுக்கு மேலே வெட்டப்பட்டவருக்கு அந்தக் காலில் கழுவ வேண்டிய இடமில்லை. ஆகவே வுழூவுக்காகச் செயற்கைக் காலைக் கழற்ற வேண்டியதில்லை. பாதத்தில் ஒரு பகுதி எஞ்சியிருந்தால் அதைக் கழுவ வேண்டும். கடமையான குளிப்பு வேறு: கழற்றி, எஞ்சிய காலின் தோல் முழுவதும் நீர் படச் செய்ய வேண்டும். நின்று தொழ முடியாவிட்டால் கதிரையில் இருந்து தொழலாம்.

அந்த உம்மாவின் நடையை அல்லாஹ் இலகுவாக்குவானாக. அவருக்காகக் கால் செய்யும் கைகளிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.