குட்டியைப் பார்த்தோம், தாயைப் பார்த்தோமா?

ஆடு குட்டி போட்டுவிட்டது என்றால் நாம் கேட்பது இரண்டே கேள்விதான். "எத்தனை குட்டி? கிடாயா, பெட்டையா?" தாய் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் நாலு கன்னி ஆடு வாங்கிக் கட்டினேன். கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. நம் கரிசல் காட்டுக்குப் பழகிய ஆடு. அதில் மூத்தது ஒரு மார்கழி மாதம் சாயங்காலம் இரண்டு குட்டி போட்டது. இருட்டிய பிறகும் நஞ்சுக்கொடி பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, ஒரு பழைய செருப்பைக் கட்டி விடுங்க, அந்தக் கனத்துக்கு இறங்கிரும்" என்றார். சின்ன வயதில் பார்த்த பழக்கம்தானே என்று கட்டிவிட்டேன். காலையில் கொடி தரையில் கிடந்தது. நிம்மதியாகக் காபி குடித்தேன். அது அறுந்து விழுந்தது, மிச்சம் உள்ளேயே நின்றுவிட்டது என்பது எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஆடு தழையைத் தொடவில்லை. குட்டிகள் மடியை முட்டி முட்டிக் கத்தின. வீட்டுக்காரி சொன்னாள், "என்னங்க, ஆட்டுக்கிட்ட ஏதோ வாடை வருது." நான் சொன்னேன், "குட்டி போட்ட ஆடு அப்படித்தான் இருக்கும். நாளைக்குப் பார்ப்போம்."

மறுநாள் டாக்டர் வந்தார். கர்ப்பப்பை அழுகி, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார். ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். அன்று ராத்திரியே ஆடு போய்விட்டது. ஒரு வாரத்தில் சின்னக் குட்டியும் போனது. டாக்டர் மேல் குற்றம் இல்லை, ஆட்டின் மேலும் இல்லை. அந்த "நாளைக்கு" என்னுடையது.

"எங்க தாத்தா காலத்துல எந்த டாக்டர் வந்தார்?" என்று கேட்பவர்கள் உண்டு. தாத்தா நூறு ஆடு வைத்திருந்தார். இரண்டு செத்தால் அது கணக்கில் அடங்கும். ஆட்டோடு ஆடாகக் கிடந்து, அசை போடாத ஆட்டைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண்ணும் அவருக்கு இருந்தது. இன்று அப்படியா? 2011-ல் அரசு விலையில்லா ஆடு வழங்கியபோது ஏழை வீடுகளுக்கு நாலு நாலாகக் கொடுத்தார்கள். அதற்கு முன் ஆடே கட்டாத வீடுகளிலும் ஆடு வந்தது. இரண்டு ஆட்டை நம்பியிருக்கும் ஒரு பெண்ணுக்கு ஓர் ஆடு செத்தால் பாதிச் சொத்து போன மாதிரி. பழைய கண் இல்லாத நமக்குப் புதிய கருவி ஒன்று வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அந்தக் கருவி மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரணத் தெர்மாமீட்டர். ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் தடவை 102 டிகிரி காட்டியதும் பயந்துபோனேன். நமக்குத்தான் அது காய்ச்சல். ஆட்டுக்கு 102, 103 இயல்பு. நிழலில் நிற்கும் ஆட்டுக்கு 104-க்கு மேல் போனால் காய்ச்சல். 100-க்குக் கீழே இறங்கினால் அது இன்னும் ஆபத்து.

குட்டி போட்ட நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். நஞ்சு பெரும்பாலும் நாலைந்து மணி நேரத்தில் விழுந்துவிடும். 12 மணி நேரம் தாண்டினால் டாக்டரைக் கூப்பிட வேண்டியதுதான். இழுக்கக் கூடாது, செருப்பும் கல்லும் கட்டக் கூடாது. நஞ்சை வெறுங்கையால் தொடவும் வேண்டாம்; கன்றுவீச்சு நோய்க் கிருமி இருந்தால் அது மனிதருக்கும் ஒட்டும். உறை மாட்டி எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள்.

குட்டி போட்ட பின் இரண்டு மூன்று வாரம் வரை கருஞ்சிவப்பாகக் கசிவு இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். நாற்றம் அடித்தால்தான் பயப்பட வேண்டும். நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்தால் கர்ப்பப்பையில் சீழ் என்று அர்த்தம். குட்டி வந்த பிறகும் முக்கிக்கொண்டே இருந்தால் உள்ளே இன்னொரு குட்டி இருக்கலாம். காது சில்லென்று, கால் தள்ளாடி, எழ முடியாமல் கிடந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். அதற்கான ஊசியை டாக்டர்தான் நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இரண்டு மூன்று குட்டி போட்ட ஆடு தீனி எடுக்காமல் சோர்ந்து, வாயில் இனிப்பு வாடை அடித்தால் அது உடம்பில் சர்க்கரை வற்றிய அறிகுறி. மடி ஒரு பக்கம் கல்லாகிச் சுட்டாலும், நீலம் பாரித்துக் குளிர்ந்தாலும் அன்றே பார்க்க வேண்டும்.

மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுவது நம் பக்கம் பரவலாக இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. பூசுங்கள், ஆனால் டாக்டருக்குச் சொல்லிவிட்டுப் பூசுங்கள். போன தடவை மிஞ்சிய ஊசி மருந்தை இந்த ஆட்டுக்கு நாமே போடுவதுதான் வேண்டாம். டாக்டர் ஐந்து நாள் என்றால் ஐந்து நாளும் போட வேண்டும். ஆடு இரண்டாம் நாளே தழை கடித்தது என்று நிறுத்தக் கூடாது.

தாய் படுத்துவிட்டால் குட்டியைக் கவனியுங்கள். முதல் ஓரிரண்டு மணி நேரத்தில் சீம்பால் உள்ளே போக வேண்டும். தாயிடம் இல்லையென்றால், அப்போது குட்டி போட்ட வேறு ஆட்டிடம் கறந்து கொடுக்கலாம்.

ஆஸ்பத்திரி தூரம் என்று சொல்வீர்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாம். என் செல்போனில் பேரன் எண்ணுக்கு அடுத்து அதைத்தான் பதிந்து வைத்திருக்கிறேன்.

போன தையில் இரண்டாவது ஆடு குட்டி போட்டது. மூன்று நாள் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் 105 காட்டியது. அன்றே ஊசி போட்டாகிவிட்டது. இதை எழுதும்போது அந்த ஆடு வாசலில் நின்று என் வேட்டி நுனியைக் கடித்துக்கொண்டிருக்கிறது. கடிக்கட்டும்.