அடுப்படிக்கு வராத குழாய்

கோடை தொடங்கியதும் கேரள-தமிழக எல்லையோரத்துப் பாறசாலை விளைகளில் இன்னும் எஞ்சி நிற்கும் பனைகளிலிருந்து இறக்கிய அக்கானி என்னும் பதநீர், அண்டாவில் கொதித்து, நுரை அடங்கி, நிறம் கறுத்து, சிரட்டைகளில் ஊற்றும் கருப்பட்டிப் பக்குவத்தை எட்டும்வரை, அடுப்பின் முன் அமர்ந்த பெண்மணி கண்ணெரியச் சுள்ளியும் ஓலையும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இயற்கை எரிவாயுவைப் பற்றிய எந்த நம்பிக்கையையும் அந்த அடுப்படியிலிருந்தே எடைபோட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கொச்சிக்கருகே புதுவைப்பில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் திரவ இயற்கை எரிவாயுவைக் கையாளும் முனையம் 2013-இல் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து சுமார் 450 கிலோமீட்டர் நீளத்துக்குக் கெயில் நிறுவனம் பதித்து, 2021 ஜனவரியில் திறக்கப்பட்ட குழாயோ வடக்கே மங்களூரை நோக்கிச் சென்றது. கிழக்கே, ராமநாதபுரத்திலிருந்து வந்த 143 கிலோமீட்டர் குழாய் அதே ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடியோடு நின்றது. திருவனந்தபுரத்துக்கே எரிவாயு திரவமாக டேங்கர் லாரியில் வந்து, கொச்சுவேளியில் மீண்டும் வாயுவாகிறது. திருவிதாங்கூர்த் தமிழர் இயக்கம் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய வட்டங்களுள் ஒன்றாயிருந்தும் 1956 நவம்பர் 1-க்குப் பின் கேரளத்திலேயே நின்றுவிட்ட, பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை, ஒரு மாநிலத்துக்குக் கடைக்கோடியாகவும் மற்றொன்றுக்கு அயலாகவும் வாழ்ந்து பழகியது. இவ்விஷயத்திலும் அதன் கதி அதுவே. விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபின், தொழில்கள் வரும், அவற்றின் பின்னே குழாயும் வரும் என்று இங்குள்ளோர் எதிர்பார்ப்பது இயல்பே.

ஆனால் எதை எதிர்பார்ப்பது? குழி வெட்டும் மாதங்களில் கூலி கிடைக்கும். மண் மூடியபின், பூமிக்கடியில் ஓடும் குழாய்க்குக் காவலும் பராமரிப்பும் செய்யச் சிலர் போதும். ஆகவே உத்தியோகத்தை நம்பிக் குழாயை வரவேற்பவர் ஏமாறுவர். நிலைத்த பிரயோசனம் எரிபொருளில்தான் உண்டு: கருப்பட்டி அடுப்புக்கும், பலகாரக் கடைக்கும், பாலராமபுரத்து நெசவாளரின் சாய அண்டாவுக்கும், ஆட்டோ ஓட்டுநருக்கும் அது எட்டினால்தான் அபிவிருத்தி. பெருங்குழாய் ஊரைக் கடப்பதால் ஓர் அடுப்பும் எரியாது. கிளைக்குழாயும் அதன் வால்வுமே ஊருக்குரிய பங்கு.

அந்தப் பங்கு உறுதியாகாமல் நிலத்தைக் கொடுப்பது நியாயமன்று. குழாய் பதிக்க நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் உடையவருக்கே சொந்தமாக இருக்கும். ஆனால் குழாய் செல்லும் பட்டையில் வீடு கட்டவோ, கிணறு தோண்டவோ, மரம் நடவோ கூடாது. சேதத்துக்கான ஈட்டோடு, உரிமைக் குறைவுக்கு நிலமதிப்பில் பத்தில் ஒரு பங்கே அச்சட்டம் தருகிறது. பத்து சென்ட் விளை என்பது ஏறக்குறைய 20 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்டது. 20 மீட்டர் பட்டை அதன் குறுக்கே போனால் மிஞ்சுவது பத்திரம் ஒன்றே. கோயம்புத்தூர் முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டத்து விவசாயிகளும், 2017-இல் கோழிக்கோட்டு எரஞ்ஞிமாவு மக்களும் கெயில் குழாயை எதிர்த்து நின்றதன் காரணம் இதுவே. அவர்களைப் பிற்போக்கர் என்பது அறியாமை.

ஊராரைக் கேட்டு முடிவெடுத்த முன்மாதிரியும் உண்டு. கனடாவின் வடகோடியில் மெக்கன்சிப் பள்ளத்தாக்கு வழியாகக் குழாய் போட முனைந்தபோது, விசாரணைக்கு நியமிக்கப்பட்ட நீதிபதி தாமஸ் பெர்ஜர் 35 ஊர்களுக்கு நேரில் சென்று, பூர்வகுடிகள் தம் சொந்த மொழியிலேயே சொன்னதைக் கேட்டு, அவர்களுடைய நிலவுரிமை தீரும்வரை பத்தாண்டு பொறுத்திருக்குமாறு 1977-இல் அறிக்கை தந்தார். பின்னாளில் புதிய திட்டம் எழுந்தபோது அம்மக்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வரை உடைமை பேசப்பட்டது. எனினும் வாயுச் சந்தை மாறியதால் 2017-இல் அத்திட்டமும் கைவிடப்பட்டது. ஊராரின் சம்மதத்தை அவர்கள் மொழியில் பெற வேண்டும் என்பது அதில் முதற்பாடம்; ஒரே குழாயை நம்பி ஊரின் எதிர்காலத்தை அடகு வைக்கலாகாது என்பது இரண்டாவது. இறக்குமதி வாயுவின் விலை 2022-இல் ஏறிய வேகத்தைக் கண்ட நமக்கு இரண்டாவது பாடம் இன்னும் அவசியம்.

ஆதலால் குழாய் வரட்டும். ஆனால் முதல் வரைபடத்திலேயே எல்லைக் கிராமங்களுக்குக் கிளை குறிக்கப்படட்டும், மலையாளத்தோடு தமிழிலும் அறிவிப்பு வீடுதோறும் சேரட்டும், வெட்டுண்ட பனை இனி அங்கே முளைக்க முடியாது என்பதையும் கணக்கில் எடுத்து ஈடு தரப்படட்டும். பனையையும் இழந்து, வாயுவும் எட்டாமல், அந்தப் பெண்மணி வெற்று அண்டாவின் முன் அமரும் நிலை வந்தால், அதை முன்னேற்றம் என்று சொல்ல நமக்கு நா எழக்கூடாது.