காஸாவுக்கான குரல் தோட்டங்களை ஏன் எட்டவில்லை?

2025 ஒக்டோபரில் காஸாவில் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்ட பின்னர் எமது ஊர்களில் ஆர்ப்பாட்டங்களும் ஓய்ந்துவிட்டன. இரண்டு ஆண்டுகளில் 67,000க்கும் அதிகமான உயிர்களைப் பறித்த அந்தப் போரை இலங்கையில் எந்தப் பெரிய கட்சியும் வெளிப்படையாக ஆதரிக்கவில்லை. ஆனாலும் வீதியில் இறங்கியவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்களே. கொழும்பில் சில இடதுசாரி அமைப்புகளும் மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பதுளை மாவட்டத்தில், எம்மைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களை நான் அந்த வரிசைகளில் காணவில்லை. "அது உங்கட பிரச்சினைதானே சேர்" என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். அவர் வெறுப்பில் சொல்லவில்லை. அவருக்கு அது அப்படித்தான் தெரிந்தது.

ஏன் அப்படித் தெரிந்தது என்பதை நாம் ஆராய வேண்டும்.

முதலில் அரசாங்கங்கள் நடந்துகொண்ட விதம். ரணில் விக்ரமசிங்கவின் அரசு ஐ.நா. பொதுச்சபையில் போர்நிறுத்தத்திற்கு ஆதரவாக வாக்களித்தது. அரச இப்தார் நிகழ்வுகளுக்கான பணத்தைக் காஸா சிறுவர் நிதியத்துக்குத் திருப்பியது. அதே அரசுதான் 2023 நவம்பரில் விவசாய வேலைக்கு 10,000 இலங்கையரை அனுப்ப இஸ்ரேலுடன் ஒப்பந்தம் செய்தது. பலஸ்தீனத் தொழிலாளர்களின் அனுமதிகள் நிறுத்தப்பட்டதால் வெறுமையான வயல்கள் அவை. 2024 ஜனவரியில் செங்கடலுக்குக் கடற்படைக் கப்பல் அனுப்பப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. இரண்டு வாரத்துக்கு 25 கோடி ரூபா செலவாகும் என்று ஜனாதிபதியே கூறினார். அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. கணக்குப் பார்த்தால் அந்த இரு வாரச் செலவு இரண்டரை இலட்சம் பேரின் ஒரு நாள் கூலி.

இந்தக் கணக்கை நாம் பசறையிலோ மடுல்சீமையிலோ போய்ச் சொன்னோமா? இல்லை. எமது பதாகைகளில் பலஸ்தீனம் இருந்தது, பைத்துல் முகத்தஸ் இருந்தது. தேயிலை மலையில் நிற்பவரின் சம்பளத்துக்கும் செங்கடல் கப்பலுக்கும் உள்ள தொடர்பு இருக்கவில்லை.

வேலைக்காக இஸ்ரேலுக்குச் சென்ற இளைஞர்களைச் சிலர் திட்டினார்கள். உயர்தரம் சித்தியடைந்தும் தொழிலின்றி லயனில் இருக்கும் பிள்ளையிடம், கொழுந்து பறிக்கும் தாயின் கூலியைத் தவிர வேறு என்ன இருக்கிறது? குற்றம் அவனுடையதல்ல. அந்த வழியை மட்டும் திறந்துவிட்டவர்களையே கேள்வி கேட்க வேண்டும்.

ஊவாவில் இது வேறுவிதமாகவும் நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் ஆரம்பித்த காலத்தில் லங்கா சமசமாஜக் கட்சி அதனை ஏகாதிபத்தியப் போர் என்று எதிர்த்தது. அதே கட்சி தோட்டங்களில் தொழிற்சங்கம் அமைத்தது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். மே மாதத்தில் வேலைநிறுத்த அலை ஊவாவில் உச்சத்தைத் தொட்டது. பதுளைக்கு அருகிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிவுசெய்தார்கள். அந்தச் சபையைக் கலந்தே நிர்வாகம் செய்வதாகத் துரை ஒப்புக்கொண்டார். அடக்க வந்த பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தார்கள். பின்னர் அந்த எழுச்சி கடுமையாக நசுக்கப்பட்டது. ஜூனில் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் விசாரணையின்றிச் சிறையிடப்பட்டனர்.

சிங்களத் தலைவர்களும் தமிழ்த் தொழிலாளரும் ஒன்றாக நின்றதற்குக் காரணம், போரும் கூலியும் அங்கே ஒரே கேள்வியாக இருந்ததுதான். என் வகுப்பில் வெவெஸ்ஸ என்ற பெயரைக் கேட்டால், பஸ்ஸில் போகும் வழியில் உள்ள தோட்டம் என்பார்கள். அதற்கு மேல் எதுவும் தெரியாது.

அந்த ஒற்றுமையையும் மிகைப்படுத்தக் கூடாது. சமசமாஜக் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்ட மொஸ்கோ சார்பினர், 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியதும் அதே போரை ஆதரிக்கத் தொடங்கினார்கள். கட்சிகளின் கொள்கை நிலைமைக்கேற்ப மாறும். இன்றும் அதைத்தான் காண்கிறோம். எதிர்க்கட்சியில் இருந்தபோது பலஸ்தீனத்துக்காகப் பேசிய தேசிய மக்கள் சக்தி, 2024 விஞ்ஞாபனத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாக வாக்களித்தது. ஆட்சிக்கு வந்த பின், 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டியதற்காக ஒரு முஸ்லிம் இளைஞர் அதே சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார். இஸ்ரேலுக்குத் தொழிலாளரை அனுப்புவதும் நிற்கவில்லை.

அந்தக் கைதுக்குப் பின் பெற்றோர் பலர் பிள்ளைகளின் முகநூலை அழிக்கச் சொன்னதை நான் அறிவேன். அந்தப் பயம் எமக்குப் புதிதாக இருக்கலாம். எமது அயலவருக்குப் புதிதல்ல. 1979இல் மூன்று ஆண்டுகளுக்கென்று தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட அந்தச் சட்டம் 1982இல் நிரந்தரமானது. அதன் சுமையைப் பல்லாண்டுகள் தாங்கியவர்கள் தமிழ் இளைஞர்கள், மலையகத்தவர் உட்பட.

2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, பண்டாரவளைக்கு அருகில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 27 தமிழ் இளைஞர்கள் கும்பலொன்றால் கொல்லப்பட்டார்கள். பொலிஸார் அங்கே இருந்தார்கள். வழக்கு நடந்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் எஞ்சியிருந்தவர்களையும் விடுதலை செய்தது. பண்டாரவளை, வெலிமடை, குருத்தலாவை எல்லாம் எமது ஊர்கள்தாம். அந்தப் படுகொலை எத்தனை பள்ளிவாசல்களில் பேசப்பட்டது? எத்தனை ஜும்ஆவுக்குப் பின் பதாகை பிடித்தோம்? "அது உங்கட பிரச்சினை" என்ற வசனத்தை எமது சமூகமும் வாயால் சொல்லாமல் சொல்லியிருக்கிறது.

அயலவர் வரவில்லையென்று குறைப்படுவதற்கு முன் இந்தக் கணக்கையும் எடுக்க வேண்டும். காஸாவுக்காக நாம் குரல் கொடுத்தது சரியே, இனியும் கொடுக்க வேண்டும். ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டம் நீங்க வேண்டுமென்று கேட்கும்போது, ஸ்டிக்கர் ஒட்டியவருக்காக மட்டும் கேட்காமல் நீண்டகாலத் தமிழ்க் கைதிகளுக்காகவும் சேர்த்துக் கேட்போம். வெளிநாட்டு வேலை பற்றிப் பேசும்போது தோட்டச் சம்பளத்தையும் பேசுவோம். பிந்துனுவெவ நினைவு நாளில் எமது பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒரு சிறு அறிக்கையாவது வெளியிடட்டும். இவற்றுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. அடுத்த ஒக்டோபர் 25 வருவதற்குள் இந்த மாவட்டத்தில் ஒரு நிர்வாகமாவது இதைச் செய்யுமா என்பதைப் பார்ப்போம்.